நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8: பழைய டி வாங்குவதா, புதிய ஜி வாங்குவதா?

கேள்வி: வெளிச்சக்கீற்று

வணக்கம். என்னிடம் இருப்பது நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். வீட்டு விசேஷங்களிலும் மாலை வெளிச்சத்திலும் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 6400 வரை போக வேண்டியிருக்கிறது, படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடுகிறது. அதனால் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 (எஃப் எண் என்பது லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர்; எண் சிறிதானால் திறப்பு பெரிது) வாங்கலாம் என்று பார்க்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று பழைய ஏஎஃப் நிக்கோர் 50 எஃப்/1.8 டி. இன்னொன்று ஏஎஃப்-எஸ் 50 எஃப்/1.8 ஜி. டி விலை நன்றாகவே குறைவு. விற்பவர் "ரெண்டும் ஒரே லென்ஸ்தான், பேர்தான் வேற" என்கிறார். உண்மையா?

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அப்பாவின் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா நல்ல நிலையில் இருக்கிறது, அதிலும் இந்த லென்ஸைப் போட ஆசை. ஓரிரு வருடத்தில் பழைய டி750 (முழு ஃபிரேம் கேமரா) அல்லது நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசையில் ஏதாவது ஒன்றுக்கு மாறும் எண்ணமும் உண்டு. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எது சரி?

பதில்: பாடிமோட்டார்

ஒரே லென்ஸ் இல்லைங்க. கண்ணாடி அமைப்பே வேறு. 2002-இல் வந்த 1.8 டி-யில் 5 தொகுதிகளாக 6 கண்ணாடிகள். 2011-இல் வந்த 1.8 ஜி-யில் 6 தொகுதிகளாக 7 கண்ணாடிகள், அதில் ஒன்று ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவு இல்லாதது). ஆனால் உங்கள் விஷயத்தில் கண்ணாடிக்கு முன்னால் பார்க்க வேண்டியது மோட்டார்.

1.8 டி-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவின் பாடிக்குள் ஒரு மோட்டார் இருந்து, மவுன்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன திருகுமுனை வழியாக லென்ஸைத் திருப்ப வேண்டும். டி50, டி70, டி80, டி90, டி7000 முதல் டி7500 வரை, டி600, டி610, டி700, டி750, டி800 எல்லாவற்றிலும் அந்த மோட்டார் இருக்கிறது. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை இவற்றில் இல்லை. உங்கள் டி5600-இன் மவுன்ட் வளையத்தைப் பாருங்கள், அந்தத் திருகுமுனை இருக்காது. ஆக, 1.8 டி போட்டால் வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யும், அப்பர்ச்சரை பாடி டயலில் மாற்றலாம், ஆட்டோஃபோகஸ் மட்டும் சுத்தமாக இல்லை.

கையாலேயே ஃபோகஸ் செய்துகொள்ளலாமே என்றால், செய்யலாம். ஆனால் எஃப்/1.8-இல், ஒன்றரை மீட்டர் தூரத்தில், உங்கள் சென்சாருக்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6.5 செ.மீ.தான். ஆள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் கண் போய்விடும். டி5600-இன் வ்யூஃபைண்டர் கண்ணாடிப் பட்டகம் அல்ல, ஆடிகளைக் கோத்துச் செய்த பென்டாமிரர், படம் சிறியது. அதைவிடப் பெரிய சிக்கல், இன்றைய ஃபோகஸ் திரைகள் கிட் லென்ஸுக்காகவே வெளிச்சமாக இருக்கும்படி செய்யப்பட்டவை. லென்ஸை எஃப்/1.8-க்குத் திறந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய எஃப்/2.8-இன் ஆழம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது படத்தில் தெளிவாக இருக்காது. அதனால்தான் "மேனுவலில் எனக்கு எல்லாமே ஷேக் ஆகிறது" என்று பலர் குழம்புகிறார்கள். அது ஷேக் இல்லை, ஃபோகஸ் தப்பியது.

மெனுவில் ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் வ்யூஃபைண்டரில் எக்ஸ்போஷர் கோடு இருக்கும் இடத்தில், ஃபோகஸ் முன்னால் விழுகிறதா பின்னால் விழுகிறதா என்று காட்டும். ஃபோகஸ் சரி என்று மட்டும் சொல்லும் பச்சைப் புள்ளியைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் மோடில் வராது, அப்பர்ச்சரை மட்டும் நாம் வைக்கும் ஏ மோடில் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு இது போதும். ஓடும் குழந்தைக்கு உதவாது.

விசேஷங்களுக்கு என்றால் ஜி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

பதில்: வட்டப்புள்ளி

மேலே சொன்னது சரி. நீங்கள் கேட்ட கண்ணாடி வித்தியாசத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எஃப்/5.6-இல் இரண்டிலும் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம். வித்தியாசம் எல்லாம் எஃப்/1.8-க்கும் எஃப்/2.8-க்கும் நடுவில்தான். அந்த இடத்துக்காகத்தானே இந்த லென்ஸை வாங்குகிறோம்!

எஃப்/1.8-இல் டி-யின் படத்தில் ஒரு மெல்லிய மூட்டம் இருக்கும். விவரம் இருக்கும், கான்ட்ராஸ்ட் இருக்காது. வெள்ளை வேட்டியின் விளிம்பில் பால் சிந்தியதுபோல் வெளிச்சம் கசியும். எஃப்/2.8 போனதும் நடுப்பகுதி நன்றாக இறுகிவிடும், மூலைகளுக்கு எஃப்/4 வேண்டும். ஜி-யில் எஃப்/1.8-இலேயே நடுப்பகுதி பயன்படுத்தக்கூடிய கூர்மையில் இருக்கும், மூட்டமும் குறைவு. ஆனால் ஊதா-பச்சை நிறக்கசிவு இரண்டிலும் உண்டு. நகை, பட்டுச்சேலை ஜரிகை, குரோம் பூசிய வண்டி, இவற்றில் ஃபோகஸுக்கு முன்னால் ஊதாவும் பின்னால் பச்சையும் தெரியும். ஜி வாங்கினால் இது போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எஃப்/2.8-க்கு மூடுவதுதான் மருந்து.

அடுத்தது பின்னணி. இரண்டிலும் அப்பர்ச்சர் இதழ்கள் 7. டி-யில் அவை நேர் விளிம்பு, ஜி-யில் வளைந்த விளிம்பு. சீரியல் லைட் தொங்கும் பின்னணியில் எஃப்/2.8 வைத்தால் டி-யில் ஒவ்வொரு விளக்கும் ஏழுமூலைப் புள்ளியாக வரும், ஜி-யில் ஏறக்குறைய வட்டமாக வரும். டி-யின் மங்கிய புள்ளிகளுக்கு விளிம்பில் ஒரு பிரகாசமான கோடும் இருக்கும். அதனால் இலை தழை, கம்பிவேலி மாதிரி பின்னணியில் கோடுகள் இரட்டிப்பாகத் தெரிந்து கண்ணை உறுத்தும். ஜி அங்கே அமைதியாக இருக்கும்.

டி-யின் நேர் இதழ்களால் ஒரு லாபமும் இருக்கிறது. இரவில் ட்ரைபாடில் வைத்து எஃப்/11-இல் தெருவிளக்கை எடுத்தால் 14 கதிர்களோடு கூர்மையான நட்சத்திரம் வரும். ஜி-யில் அது மங்கலாகத்தான் வரும். இரவு நகரக் காட்சி எடுப்பவர்கள் இதற்காகவே டி-யை வைத்திருக்கிறார்கள். நியாயமான காரணம்தான்.

எதை வாங்கினாலும் மலிவான யூவி ஃபில்டரை முன்னால் மாட்டி இரவில் எடுக்காதீர்கள். படத்தில் தலைகீழாக மிதக்கும் பச்சை விளக்குகளுக்குப் பெரும்பாலும் அந்த ஃபில்டர்தான் காரணம். பழி லென்ஸ் மேல் விழுகிறது. டி-யில் முன் கண்ணாடி நன்றாக உள்ளே இருப்பதால் பாதுகாப்புக்குக்கூட ஃபில்டர் தேவையில்லை. ஜி-யோடு எச்பி-47 ஹூட் வரும், அதைக் கேட்டு வாங்குங்கள்.

பதில்: நெகட்டிவ்பெட்டி

டி-க்காக ஒருவராவது பேச வேண்டும்.

டி750-இல் போட்டால் இதே டி வேறு லென்ஸ் ஆகிவிடும். பாடி மோட்டார் வலுவானது, திருப்ப வேண்டிய தூரம் குறைவு, சட்டென்று பிடிக்கும். ஜி-யின் மோட்டார் அமைதியானது, ஆனால் வேகமானது என்று சொல்ல முடியாது. நல்ல பாடியில் பல நேரம் டி முந்திவிடும். அதற்கு விலை சத்தம். கர்ர் என்று திருகும். வீடியோ எடுத்தால் கேமராவின் மைக்கில் அது அப்படியே பதியும், அங்கே டி வேண்டாம். இன்னொன்று, டி-யில் ஆட்டோஃபோகஸ் ஓடும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து சுற்றும். விரல் அதன்மேல் படக்கூடாது. கையால் திருப்ப வேண்டுமென்றால் முதலில் பாடியில் இருக்கும் சுவிட்சை எம்-க்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் பலமாகத் திருப்பினால் மோட்டாரோடும் பல்சக்கரங்களோடும் மல்லுக்கட்டுகிறீர்கள். ஜி-யில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸின் சுவிட்சை எம்/ஏ (ஆட்டோஃபோகஸும் கையும் சேர்ந்தது) நிலையில் வைத்தே எப்போது வேண்டுமானாலும் கையால் திருத்தலாம்.

எஃப்எம்2 பற்றிக் கேட்டீர்கள். அங்கே ஜி பிரயோஜனம் இல்லை. ஜி-யில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. பாடிதான் லென்ஸின் பின்பக்கம் இருக்கும் அப்பர்ச்சர் நெம்புகோலை அளந்து நகர்த்த வேண்டும், எஃப்எம்2-க்கு அது தெரியாது. வ்யூஃபைண்டரில் வெளிச்சமாகத் தெரியும், ஷட்டர் அழுத்தும்போது எப்போதும் எஃப்/16-க்கே மூடிக்கொள்ளும். டி-யில் வளையம் இருக்கிறது, மீட்டரோடும் சரியாக இணையும், எல்லா அப்பர்ச்சரும் கிடைக்கும். ஃபோகஸ் வளையம் மட்டும் ஒல்லியாக, தளர்வாக இருக்கும். ஆட்டோஃபோகஸ் மோட்டார் லேசாகத் திருப்ப வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தது.

அதே டி-யை டிஜிட்டலில் போடும்போது வளையத்தை எஃப்/22-இல் வைத்துப் பக்கத்தில் இருக்கும் பூட்டைத் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் திரையில் எஃப்-ஈ-ஈ என்று மின்னும், ஷட்டர் விழாது. "லென்ஸ் கெட்டுப்போச்சு" என்று சொல்லி விற்கப்படும் சில டி லென்ஸ்களுக்கு இருக்கும் ஒரே நோய் இதுதான்.

மேக்ரோவில், அதாவது சின்னப் பொருள்களை மிக அருகில் எடுப்பதில், ஆர்வம் இருந்தால் வளையத்தின் அருமை இன்னும் புரியும். டி-யின் ஃபில்டர் அளவு 52 மி.மீ. நிக்கானின் பிஆர்-2ஏ வளையத்தை அதில் திருகி, லென்ஸைத் தலைகீழாக பாடியில் மாட்டினால் ஏறக்குறைய பொருளின் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். எஃப்/8 அல்லது எஃப்/11 என்று வளையத்தில் நேரடியாக வைக்கலாம். டி5600 இந்த நிலையில் மீட்டர் காட்டாது, எம் மோடில் வைத்து ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஃபோகஸ் செய்யக் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டும், மின்தொடர்பு இல்லாத மலிவான எக்ஸ்டென்ஷன் குழாய்களிலும் இதே கதைதான்: டி-யில் அப்பர்ச்சர் நம் கையில், ஜி-யில் இறுக மூடிக்கொள்ளும்.

கேட்டவர்: வெளிச்சக்கீற்று

மிக்க நன்றி. ஒரு டி5600-க்கும் ஒரு எஃப்எம்2-க்கும் ஒரே லென்ஸ் என்பது நடக்காது என்று புரிகிறது. மூன்று சந்தேகம் பாக்கி. இசட் பாடிக்குப் போனால் இவை என்ன ஆகும்? 50-க்குப் பதில் 35 வாங்கு என்று சிலர் சொல்கிறார்களே, ஏன்? பழைய லென்ஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பாடிமோட்டார்

இசட் பாடியில் எஃப் மவுன்ட் லென்ஸ் (டி-யும் ஜி-யும் இந்த வகைதான்) போட எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும். அதில் திருகுமுனை மோட்டார் இல்லை. ஆகவே ஜி முழு ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், டி அங்கேயும் கையால்தான். ஆனால் இசட்டில் கையால் ஃபோகஸ் செய்வது டி5600 மாதிரி வேதனை இல்லை. வ்யூஃபைண்டரிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், ஃபோகஸ் பீக்கிங் விளிம்புகளை வண்ணத்தில் காட்டும்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். இசட்டுக்குப் போவது ஆறு மாதத்துக்குள் என்றால் இப்போது எதையும் வாங்காதீர்கள். இசட் 50 எஃப்/1.8 எஸ் முற்றிலும் வேறு தரம். 9 தொகுதிகளில் 12 கண்ணாடிகள், எஃப்/1.8-இலேயே மூலைவரை கூர்மை. எடை மட்டும் 415 கிராம். ஜி 185 கிராம்தான். எடை பிடிக்காவிட்டால் 170 கிராமில் இசட் 40 எஃப்/2 இருக்கிறது. இரண்டு வருடம் ஆகும் என்றால் ஜி-யை வாங்கி நன்றாகப் பயன்படுத்துங்கள், டி750-க்கும் இசட்டுக்கும் கூடவே வரும்.

35 பற்றிய பேச்சு நியாயமானது. உங்கள் சென்சார் 1.5 மடங்கு கிராப், அதாவது முழு ஃபிரேமைவிட அந்த அளவு சிறியது. 50 போட்டால் 75 மி.மீ. பார்வைதான் கிடைக்கும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஓர் ஆளை உச்சி முதல் பாதம் வரை கொஞ்சம் இடம் விட்டு எடுக்க, 50-க்கு நாலேகால் மீட்டர் பின்னால் போக வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் அதற்குள் சுவர் வந்துவிடும். 35-க்கு மூன்று மீட்டர் போதும். ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8 ஜி உங்கள் கேமராவுக்கு உண்மையான ஸ்டாண்டர்ட் லென்ஸ். அருகில் 30 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும், 50-கள் இரண்டும் 45 செ.மீ.யோடு நின்றுவிடும். ஆனால் அது கிராப் சென்சாருக்குச் செய்தது, டி750-இல் முழு ஃபிரேமில் போட்டால் மூலைகள் இருளும்.

முடிவெடுக்க ஒரு வழி: கிட் லென்ஸை 50-இல் வைத்து, ஜூமைத் தொடாமல் ஒரு மாலை முழுவதும் வீட்டுக்குள் எடுங்கள். அடுத்த மாலை 35-இல். எதில் சுவரில் முட்டவில்லையோ அதை வாங்குங்கள். முகம் மட்டும், மார்பளவு என்று எடுப்பவருக்கு 50 அருமையாக இருக்கும். கூட்டமாக உட்கார்ந்திருப்பவர்களை எடுப்பவருக்கு 35.

கணக்குக்கு இன்னொன்று. கிட் லென்ஸின் எஃப்/5.6-இலிருந்து எஃப்/1.8 என்பது மூன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). ஐஎஸ்ஓ 6400 இருந்த இடத்தில் 640, 800 என்று இறங்கும். ஆனால் கிட் லென்ஸில் இருக்கும் விஆர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) இந்த இரண்டிலும் இல்லை. 50-இல் ஷட்டரை 1/100-க்குக் கீழே விடாதீர்கள்.

பதில்: தூசிதட்டி

பழையது வாங்கும்போது பார்க்க வேண்டியதை நான் சொல்கிறேன், டி-யும் ஜி-யும் நோய்ப்படும் விதம் வேறு.

முதலில் அப்பர்ச்சர். டி என்றால் வளையத்தை எஃப்/22-இல் வைத்து, பின்பக்கம் இருக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சடக்கென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் இதழில் எண்ணெய் கசிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் இதழ்மேல் ஈரப் பளபளப்பு தெரியும். இதன் அறிகுறி தந்திரமானது: எஃப்/1.8-இல் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். எஃப்/8, எஃப்/11 போகும்போதுதான் படம் வெளுக்கும், அதுவும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு அளவில். இதழ்கள் மூடி முடிப்பதற்குள் ஷட்டர் திறந்துவிடுவதுதான் காரணம். அதனால் கடையில் சோதிக்கும்போது ஒரே காட்சியை எஃப்/11-இல் அடுத்தடுத்துப் பத்துப் படம் எடுத்து வெளிச்சம் மாறுகிறதா என்று பாருங்கள். ஜி-யைப் பாடியிலிருந்து கழற்றினால் இதழ் தானே மூடியிருக்கும், அது பழுதில்லை. நெம்புகோலைத் தள்ளித் திறந்து விட்டுப் பாருங்கள்.

அடுத்தது பூஞ்சை. கடலோர ஊரில் இருந்த லென்ஸ் என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து (டி-யில் வளையம் எஃப்/1.8, ஜி-யில் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு), பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதை விட்டுவிடலாம். வேர் மாதிரிக் கிளை பிரிந்து ஓடினால் பூஞ்சை. அது கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. இந்த விலையுள்ள லென்ஸுக்குச் சுத்தம் செய்யும் கூலி கட்டுப்படியாகாது, விட்டுவிடுங்கள். நல்லது கிடைத்து வாங்கியபின் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் மூடிய பெட்டியில் வையுங்கள். தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டித் தருவது.

ஜி-யில் கூடுதலாக மோட்டார். அமைதியான இடத்தில், அருகிலும் தொலைவிலும் மாற்றி மாற்றி இருபது முறையாவது ஃபோகஸ் செய்யச் சொல்லுங்கள். கீச்சென்று சத்தம் வந்தாலோ, நடுவில் ஒரு முறை அசையாமல் நின்றாலோ வேண்டாம். மோட்டார் மாற்றும் செலவு லென்ஸ் விலையை நெருங்கிவிடும். மவுன்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். டி-யில் அந்த ரப்பரே கிடையாது.

விளம்பரத்தில் டி என்ற எழுத்து இல்லாமல் வெறும் ஏஎஃப் நிக்கோர் 50 எஃப்/1.8 என்று ஒன்றும் வரும். 1986 முதல் வந்த பழைய பதிப்பு. தூரத் தகவலைப் பாடிக்கு அனுப்பாது, ஃபிளாஷ் கணக்கில் மட்டும்தான் அது லேசாக உணரப்படும். எஃப்எம்2-க்கு என்றால் அதுவே போதும், இன்னும் மலிவாகக் கிடைத்தால் எடுங்கள். ஃபிலிமுக்கு மட்டும்தான் என்று முடிவானால் ஏஐ-எஸ் 50 எஃப்/1.8 (ஆட்டோஃபோகஸே இல்லாத பழைய வகை) தேடுங்கள். ஃபோகஸ் வளையம் கனமாக, இதமாகத் திரும்பும்.

கடைசியாக ஒரு சோதனை, ஜி வாங்கும் அன்றே செய்யுங்கள். டி5600-இல் ஆட்டோஃபோகஸ் ஃபைன் ட்யூன் இல்லை. டி750-இல் இருக்கிறது, அங்கே ஃபோகஸ் முன்பின் விழுந்தால் மெனுவில் திருத்தலாம். உங்களால் முடியாது, அதனால் சரியான லென்ஸாகப் பொறுக்க வேண்டும். ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, கேமராவை இரண்டரை மீட்டர் தள்ளி அசையாத இடத்தில் நிறுத்தி, எஃப்/1.8-இல் நடுப்புள்ளியை ஒரு தலைப்பில் வைத்து வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுங்கள். பிறகு அதே இடத்தை லைவ் வ்யூவில் (பின் திரையில் பார்த்து) ஐந்து படம். லைவ் வ்யூ சென்சாரிலிருந்தே ஃபோகஸ் பார்ப்பதால் அதுதான் அளவுகோல். இரண்டும் ஒத்துப்போனால் வாங்கலாம். வ்யூஃபைண்டர் படங்கள் ஐந்தும் ஒரே பக்கம் தள்ளி விழுந்தால் அந்த லென்ஸும் உங்கள் பாடியும் பொருந்தவில்லை, கடையில் இன்னொரு பிரதி இருந்தால் மாற்றிக் கேளுங்கள். ஐந்தும் ஐந்து இடத்தில் விழுந்தால் வெளிச்சம் போதவில்லை, ஜன்னல் பக்கம் நகர்த்தி மறுபடி எடுங்கள்.

கேட்டவர்: வெளிச்சக்கீற்று

கிட் லென்ஸை 50-இல் வைத்து இப்போதே பார்த்தேன், நான் எடுப்பதெல்லாம் முகங்கள்தான், இடம் போதுகிறது. டி5600-க்கு ஜி. எஃப்எம்2-க்குத் தனியாக ஏஐ-எஸ். இரண்டுக்கும் டார்ச்சும் செய்தித்தாளுமாகக் கடைக்குப் போகிறேன்.

பதில்: நெகட்டிவ்பெட்டி

ஏஐ-எஸ் பார்க்கும்போது ஒரு விஷயம். பெரும்பாலான தட்டை வடிவ 50 எஃப்/1.8-கள் 60 செ.மீ.க்கு அருகில் ஃபோகஸ் ஆகாது. கொஞ்சம் நீளமாக, 45 செ.மீ. வரை போகும் பதிப்பும் உண்டு. ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருப்பி, தூர எண்ணில் 0.45 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுங்கள்.